கொசு கடிக்காதவள்

கருக்கம்பாளையம் பெருத்துவிட்டது. கிழக்குத் தலைவாசலில் ஒப்பாரி வைத்தால் மேற்குத் தலைவாசலில் அதே நேரம் கல்யாண மேளம் கொட்டுகிற அளவுக்குப் பெருத்து, தேர் ஒரு சுற்று வருவதற்குள் இழுத்தவர்கள் பசியில் வடத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிற அளவுக்குப் பெருத்து, முதல் தீர்த்தம் யாருக்கு என்று வருஷா வருஷம் மண்டை உடைகிற அளவுக்குப் பெருத்த பிறகு, இனியும் ஒரே ஊராக இருந்தால் ஒருத்தரை ஒருத்தர் தின்றுவிடுவோம், கிழக்கூர் மேற்கூர் என்று பிரிந்துகொள்வோம் என்று ஊர்த்தலைவர் குழந்தைசாமி மந்தையில் நின்று சொன்னார். ஒருவரும் மறுக்கவில்லை. கோயில் ஒன்று, பள்ளிக்கூடம் ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஒன்று, அம்மன் ஒருத்தி, இதையெல்லாம் எப்படிப் பிரிப்பது என்று அப்போது ஒருவரும் கேட்கவுமில்லை. கடைசியாக ஒரு நோம்பியைச் சேர்ந்து சாட்டித் திருவிழா எடுப்போம், மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள் என்றார்கள்.

அவள் பார்த்துக்கொண்டாள்.

கருக்கம்பாளையத்தில் காப்புக் கட்டுவது மற்ற ஊர் மாதிரி இல்லை. மனிதர் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு எங்கும் உள்ளதுதான், ஆனால் இங்கே தெருவுக்கும் காப்புண்டு. ஒவ்வொரு தெருமுக்கிலும் வேப்பங்குச்சியை வளைத்து மஞ்சள் நூல் சுற்றிய இரண்டு வளையங்களை, ஒன்றின் முகம் ஒன்று பார்க்கும்படி சேர்த்து, ஒரு கல்லில் மாட்டிவைப்பார் பூசாரி. மாட்டிவிட்டால் அம்மன் உத்தரவு வரும்வரை அவை சும்மா கிடக்கும், ஊர்க்காரர் ஒருவரும் வெளியூரில் தங்கக் கூடாது. ஒரு நோம்பிக்கு ஒரு காப்பு. மனிதர் கயிறானாலும் தெரு வளையமானாலும் அறுந்தால் அறுந்ததுதான், திரும்பக் கட்டக் கூடாது. ஏன் கூடாது என்று பூசாரிக்கும் தெரியாது, அவர் அப்பனுக்கும் தெரியாது.

சாந்தாமணிக்கு அறுந்தது. பஸ் நிற்கும் இடத்தில் அவள் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். ரேஷன் கார்டோ ஆதாரோ சாதிச் சான்றிதழோ கொண்டுவருகிறவர்கள் நகலை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அசலை மெஷின் மூடிக்கடியிலேயே விட்டுவிட்டுப் போவார்கள், "ஏனுங்க, அசலை மறந்துட்டுப் போறீங்க" என்று அவள் பின்னாலேயே கூவிக்கொண்டு ஓடுவாள், அதுதான் அவள் பிழைப்பு. காப்புக் கட்டிய மறுநாள் காகிதம் உள்ளே சிக்கிக்கொள்ள, அவள் கையை விட்டு இழுத்தபோது மஞ்சள் கயிறு உருளையில் மாட்டி அறுந்து உள்ளே போய்விட்டது. மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. மகள் தாரணிக்குப் பரீட்சை நேரம், புருஷன் நாச்சிமுத்து ஆட்டோவை எடுத்துக்கொண்டு காலத்துக்கும் ரோட்டில் கிடக்கிறவன், இந்த நேரத்தில் அம்மன் காப்பு இல்லாத கையோடு இருக்கிறதா என்று பயந்து, சாமி படத்துக்குப் பின்னால் சொருகியிருந்த மிச்சக் கயிற்றை எடுத்து, அதே இடத்தில், அதே மூன்று முடிச்சாக, தானே பல்லால் இழுத்துக் கட்டிக்கொண்டாள். ஒருவரும் பார்க்கவில்லை.

கோயில் முன்னால் நோம்பிக் கம்பம் நட்ட மறுநாள் உச்சிப்பொழுதில் உத்தரவு வந்தது. தபால் ஆபீஸ் முக்கில் கிடந்த இரண்டு வளையங்களும் ஒருமுறை நடுங்கி, எழுந்து, ஒன்றையொன்று தாண்டிக்கொண்டு ஒன்று கிழக்கேயும் ஒன்று மேற்கேயும் உருண்டு போக, அவை போன வழியெல்லாம் தெரு, அவரைக்காயை நகத்தால் கீறியது போல, நடுவில் வாய் திறந்தது. அடுத்து ரேஷன் கடை முக்கில், அடுத்து டிரான்ஸ்பார்மர் முக்கில், அங்கொன்றும் இங்கொன்றுமாக ஊர் முழுக்க வளையங்கள் எழுந்து உருண்டன. சில முக்குகளில் அவை கடைசிவரை அசையவே இல்லை, பக்கத்துத் தெருவிலிருந்து பிளவு வந்து தாண்டிப் போனபோது சருகாக உதிர்ந்தன. திறந்த இடமெல்லாம் இரண்டாகிக்கொண்டே வந்தது. இரண்டானது என்றால் ஒன்று பழசு ஒன்று புதுசு என்று இல்லை. ஒரு கதவின் வலது பலகை ஒரு வீட்டோடு போய்த் தனக்கு ஒரு இடது பலகையை முளைப்பித்துக்கொண்டது, இடது பலகை இன்னொரு வீட்டோடு போய்த் தனக்கு ஒரு வலதை முளைப்பித்துக்கொண்டது, ஆணி, கீறல், பிள்ளைகள் சாக்பீஸில் வரைந்த கிளி உட்பட. மேற்கூர் ஒரே ஓட்டமாக வழவழவென்று வளர்ந்தது. கிழக்கூரோ துண்டு துண்டாக வளர்ந்து கடைசியில் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் கிழக்கூர் வீதியில் சைக்கிள் விட்டால் அந்த ஒட்டுகளில் தடக் தடக்கென்று தூக்கிப் போடும்.

மனிதர்களும் அப்படித்தான். வலிக்கவில்லை. கெட்டித் துணியைக் கிழிக்கிற சத்தம் ஒன்று வந்தது, அவ்வளவுதான். ஒருவரும் அலறவுமில்லை. கையில் சோற்றுக் கரண்டியோடு நின்றவள் எதிரே கரண்டியோடு நிற்கிறவளைப் பார்த்தாள். ஆட்டுக்குத் தழை ஒடித்தவன் கிளைக்கு அந்தப்பக்கம் தன் கையையே பார்த்தான். ஊர் முழுக்க வாய் திறந்து, வாய்க்குள் சத்தம் இல்லாமல், பிள்ளைகள் கூட அழ மறந்து, வெயில் மட்டும் வழக்கம்போல் அடித்துக்கொண்டிருந்தது.

முதலில் சுதாரித்தது ஊர்த்தலைவர்தான். குழந்தைசாமி எதிரே நின்ற குழந்தைசாமியை மேலும் கீழும் பார்த்து, "நீ கெழக்க எடுத்துக்க, நான் மேக்க எடுத்துக்கறேன்" என்றார். "அதெப்படி, நாஞ்சொல்ல வந்ததை நீ சொல்ற" என்றார் மற்றவர். அன்றைக்குத்தான் அவர் வாழ்நாளிலேயே முதல்முறையாக அவர் வாயைத் திறக்குமுன்பே அவர் பேச்சுக்குச் சம்மதம் கிடைத்தது. பூசாரிகள் இருவரும் இரண்டு கோயில்களில் இரண்டு அம்மன்களுக்கு ஒரே இழுப்பில் மணி அடித்தார்கள், கம்பமும் கிணறும் மட்டும் நடுவில் ஒன்றாகவே நின்றன. நாச்சிமுத்துக்கள் இருவரும் ஆளுக்கொரு ஆட்டோவின் டயரை உதைத்துப் பார்த்துவிட்டு, ஒரே தீக்குச்சியில் பீடி பற்றவைத்துக்கொண்டார்கள்.

சாந்தாமணி அப்போது மெஷின் மூடியைத் திறந்துகொண்டிருந்தாள். இரண்டானாள். ஒருத்தி மற்றவளைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க" என்றாள், கடைக்கு யார் வந்தாலும் அப்படித்தான் சொல்வாள். ஊரெங்கும் சத்தம் அடங்கி, வளையங்கள் எல்லையைத் தொட்டு உதிர்ந்து, முடிந்தது என்று எல்லாரும் மூச்சு விட்ட பிறகு, அந்த இருவரில் ஒருத்தியின் மணிக்கட்டு மறுபடி நடுங்கியது. இரண்டாம் முறை கட்டிய கயிறு தன் முறைக்காகக் காத்திருந்தது போல. துணி கிழிகிற சத்தம் தனியாக, அந்த ஒரு கடைக்குள் மட்டும், இன்னொரு தரம் கேட்டது.

மூன்றாவதாகக் கண் திறந்தவளோடுதான் இனி இந்தக் கதை போகிறது. அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. தாரணி பிறந்தபோது வந்த காய்ச்சல், நாச்சிமுத்து கட்டிய தாலியின் முதல் நாள் கனம், பல்லில் மஞ்சள் கயிறு கசந்தது, எல்லாம். மற்ற இருவரையும் பார்த்தபோது அவளுக்கு ஒன்றுதான் தோன்றியது, இவர்கள் இருவரும் என் கடையில் என்ன செய்கிறார்கள் என்று. மற்ற இருவருக்கும் அதேதான் தோன்றியது.

அந்தியில் கொசு வந்தபோதுதான் ஊருக்கு ஒரு வழி பிறந்தது. கொசு பழசைத்தான் கடித்தது. புதிதாக முளைத்த பாதியில் புதுப்பானை வாசம் அடித்ததாலோ என்னவோ, அதை மோந்துகூடப் பார்க்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் தடிப்புத் தடிப்பாக வீங்கி, மறுபக்கம் வழித்துவிட்ட சுவர் மாதிரி இருந்தது. வலது பக்கம் கடி வாங்கியவர்கள் மேற்கூர், இடது பக்கம் வாங்கியவர்கள் கிழக்கூர் என்று குழந்தைசாமிகள் தீர்த்தார்கள். அதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. கொசுவுக்குக் கட்சி கிடையாது என்பது ஊரறிந்த விஷயம். புருஷன் பெண்டாட்டி பிள்ளை என்று ஒவ்வொரு குடும்பமும் வலதுக்கு ஒன்று இடதுக்கு ஒன்றாகக் குறையில்லாமல் பிரிந்தது, எருமைகள் உட்பட.

ஜெராக்ஸ் கடைக்காரி மட்டும் மூன்று.

"ரெண்டு ஊருக்கு ரெண்டு. மூணாவது என்னத்துக்கு?" என்றார் ஒரு குழந்தைசாமி.

"பங்கு பிரிக்கறப்ப மிச்சம் விழுந்தா அது அம்மனுக்கு" என்றார் மற்றவர். "மாங்காயானாலுஞ் செரி, ஆட்டுக்குட்டியானாலுஞ் செரி."

அது ஊர் வழக்கம்தான். மிச்சம் கம்பத்தோடு போகும். நோம்பி முடிகிற அந்தியில் மூன்று கவராகக் கிளைத்த அந்தக் கம்பத்தைப் பிடுங்கிக் கோயில் கிணற்றில் போடுவார்கள், அதோடு மிச்சம் விழுந்ததையும். மாங்காய் மிதக்கும். ஆட்டுக்குட்டியைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

"ஆளைப் போய்..." என்று ஒரு நாச்சிமுத்து ஆரம்பித்தான்.

"ஆளுன்னா ரெண்டு பக்கத்துல ஒரு பக்கமாச்சும் பழசு இருக்கோணுமப்பா. நாளைக்குக் கம்பம் புடுங்கறப்ப மூணு பேரையும் கையை நீட்டி உக்கார வெப்போம். கொசு சொல்லட்டும்."

அதுவரை மூவரையும் எந்த வீட்டுக்குள்ளும் விடவில்லை. கடையிலேயே வைத்து ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். அந்த அந்தியில் உள்ளே மூன்று ஸ்டூலில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி வலது முழங்கையில் அடித்துக்கொண்டாள். இன்னொருத்தி இடது கழுத்தைச் சொறிந்தாள். மூன்றாமவள் மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, கொசு காதோரம் ரீங்கரித்து விலகி விலகிப் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். புதுப் பாதியிலிருந்து கிளைத்தவள் அவள், அதற்குத் துணையாக முளைத்ததும் புதுசு. அவளிடம் பழசு என்று ஒரு நகக்கண்ணளவும் இல்லை. ஆனால் அம்மை வார்த்த தழும்பு இருந்தது, தையல் ஊசி ஏறிய விரல் இருந்தது. எல்லாம் இருந்து, எதுவும் அவளுடையதில்லை என்று ஒரு கொசு சொல்லிவிட்டுப் போயிற்று.

மற்ற இருவரும் அவள் மடியைப் பார்த்தார்கள். பிறகு பார்க்காதது போல் இருந்தார்கள்.

"காபி வெக்கட்டுங்களா?" என்று வலதுக்காரி கேட்டாள்.

"எனக்கு வேண்டாமுங்க" என்றாள் இடதுக்காரி.

தன்னைத்தானே வாங்க போங்க என்று பேச வேண்டியிருந்ததில் மூவருக்கும் கூச்சமாக இருந்தது.

ஷட்டருக்குக் கீழே இரண்டு ஜோடிச் செருப்புகள் வந்து நின்றன. தாரணிகள். குனிந்து உள்ளே வந்து, மூன்று அம்மாக்களையும் பார்த்து, கையிலிருந்த தட்டுகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். ஆளுக்கொரு தட்டு. மொத்தம் இரண்டு.

"அம்மா" என்றாள் ஒருத்தி. மூவரும் திரும்பினார்கள்.

"அப்பா ரெண்டு தட்டுதான் குடுத்துச்சு" என்றாள் மற்றவள், தரையைப் பார்த்து. "ரெண்டு அப்பாவும்."

மூன்றாமவளின் கை பழக்கத்தில் நீண்டுவிட்டது. நீண்ட கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், தாரணியின் அவிழ்ந்த ரிப்பனைத் தொட்டு, "இதைய ஒழுங்காக் கட்டறதில்லையா அம்மிணி" என்றாள். தாரணி அவளை அணைத்துக்கொள்ளவுமில்லை, விலகவுமில்லை. ரிப்பனோடு அப்படியே நின்றாள். தட்டுச் சோற்றை வலதுக்காரியும் இடதுக்காரியும் மூன்றாகப் பிரிக்கவில்லை. பசியிலே என்று வேண்டுமானால் சொல்லலாம்.

மூன்றாமவளான சாந்தாமணி அவர்கள்மேல் கோபப்படவில்லை. அவர்களை அவளுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் நூல் மில்லில் வேலை செய்தபோது, மெஷினில் கட்டையைப் போட்டு நிறுத்தியது யார் என்று சூப்பர்வைசர் கேட்க, செய்யாத ராஜலட்சுமியைப் பிடித்து வேலையை விட்டு அனுப்பினார்கள். செய்தவள் யார் என்று சாந்தாமணிக்குத் தெரியும். ராஜலட்சுமி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட் தாண்டும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், சாந்தாமணி நூல் கண்டை எண்ணுவது போல் குனிந்துகொண்டாள். வாயைத் திறந்தால் தனக்கு வம்பு வரும் என்கிற இடத்தில் திறக்காதவள் அவள். எனவே நாளை அந்தியில் இந்த இருவரும் கையை நீட்டிக்கொண்டு, கடி வாங்கிக்கொண்டு, குனிந்துகொள்வார்கள். நான்தானே அவர்கள், நானாக இருந்தால் அதைத்தானே செய்வேன் என்று நினைத்தபோது, கிணற்றைவிட அந்த நினைப்புத்தான் அவளை அடித்துப்போட்டது. சாகப்போவது கூடப் பெரிதில்லை, தன்னை நம்பிச் சாக முடியாது என்பதுதான் பெரிதாக இருந்தது.

மறுநாள் வெயில் தாழ, மேளம் கோயிலில் கேட்க ஆரம்பித்தபோது, அவள் கடைக்குப் பின்பக்கம் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். இருவரும் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். வலதுக்காரியின் கையில் ஒரு கும்பா, கும்பாவில் பச்சையாக எதையோ அரைத்து வைத்திருந்தது. கடை முகப்பில் நோம்பிக்குக் கட்டியிருந்த தோரணம் மொட்டையாகத் தொங்கியது.

"கையை நீட்டுங்க" என்றாள் இடதுக்காரி.

வெட்டுகிற கிடாய்க்கு மஞ்சள் தண்ணீர் தெளிக்கிறது சாந்தாமணிக்கு ஞாபகம் வந்தது. தெளித்தால் கிடாய் சிலிர்க்கும், சிலிர்த்தால் சம்மதம். சிலிர்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அவள் கையைப் பிடித்து நீட்டி, தோளிலிருந்து விரல் நுனிவரை, கழுத்து, காது மடல், பாதம் என்று ஒரு இடம் விடாமல் இருவரும் பூசினார்கள். கசப்பு மூக்கில் ஏறியது. வேப்பிலை.

பூசி முடித்த பிறகு வலதுக்காரி கும்பாவிலிருந்து மிச்சத்தை வழித்துத் தன் கையில் பூச ஆரம்பித்தாள். இடதுக்காரியும்.

மேளம் அடித்துக்கொண்டிருந்தது.

"எதுக்குங்க?" என்றாள் சாந்தாமணி.

"ராஜலட்சுமி திரும்பிப் பாத்தாளல்ல" என்றாள் வலதுக்காரி.

"முதுகுல எனக்கு எட்டலைங்க, கொஞ்சம் பூசி விடுங்க" என்றாள் இடதுக்காரி. சாந்தாமணி பூசிவிட்டாள். பாதி ரவிக்கையில் போயிற்று.

இரண்டு கோயில்களுக்கும் நடுவில் இரண்டு ஊரும் கூடியிருந்தது. மூவரையும் கம்பத்தடியில் உட்காரவைத்தார்கள். மேகம் மாதிரி கொசு வந்தது. கூட்டம் முழுக்கப் பட்பட்டென்று, ஒருவர் வலப்பக்கமும் ஒருவர் இடப்பக்கமும் அடித்துக்கொள்ள, நீட்டிய ஆறு கைகளின்மேல் ஒன்றுகூட உட்காரவில்லை, நேற்றைய தடிப்பும் பச்சைப் பூச்சுக்குள் மறைந்திருந்தது. மேளக்காரன் நிறுத்திவிட்டான்.

ஒரு குழந்தைசாமி மூக்கைச் சுளித்தார். "வேப்பந்தழை பூசியிருக்கறாளுக. கழுவிட்டு வரச் சொல்லுங்க."

"கழுவறதா?" என்றார் ஒரு பூசாரி. "கையில காப்பு கெடக்கறப்ப மேலுல பட்ட வேப்பிலையக் கழுவறதா? அது அம்மன் ஒடம்பு தலைவரே. நீங்க வேணுமின்னாத் தண்ணிய மொண்டு ஊத்துங்க, நான் ஊத்த மாட்டேன்."

"நானும் மாட்டேன்" என்றார் மற்றப் பூசாரி. நோம்பி முழுக்க அவர் தனியாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

தலைவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அண்டாவில் தண்ணீர் இருந்தது, சொம்பும் இருந்தது, எடுக்க ஒரு கை இல்லை. இரண்டு நாச்சிமுத்துக்களும் ஒரே நேரத்தில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "மிச்சமாவது கிச்சமாவது, பொழுதாவுது, கம்பத்தைப் புடுங்குங்கய்யா" என்றார்கள். கம்பம் தனியாகத்தான் போனது. கிணற்றில் விழுந்த சத்தம் கேட்டபோது மூவரும் ஒரே சமயத்தில் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

காப்பு அறுத்ததும் ஊர் பிரிந்தது. இரண்டு படகுகள் கரையிலிருந்து நகர்வது போல, நடுவில் ஒரு சோளக்காட்டளவு இடம் விட்டு, சத்தமில்லாமல். வீடு இரண்டு, ஆள் மூன்று என்பதற்கு மூவரும் தாங்களே ஒரு வழி வைத்துக்கொண்டார்கள். மாசம் மாறி மாசம். ஒருத்தி மேற்கூரில், ஒருத்தி கிழக்கூரில், ஒருத்தி எங்கே வேண்டுமானாலும். வயசான தாயை மகன்கள் மாசக்கணக்கு வைத்து மாற்றிக்கொள்வதைப் பார்த்த ஊர்தான் அது, எனவே யாரும் அதிசயப்படவில்லை. எங்கே வேண்டுமானாலும் என்பது எந்தப் பெண்ணுக்கும் அந்த ஊரில் அதுவரை வாய்க்காதது என்பதைச் சில பெண்கள் மட்டும் வாய்விட்டுச் சொல்லாமல் கவனித்தார்கள்.

"முதல் மாசம் நான் போறேனுங்க" என்றாள் சாந்தாமணி. இருவரும் தடுக்கவில்லை, ஆனால் ஆளுக்கொரு சேலை கொண்டுவந்து பையில் வைத்தார்கள். இரண்டும் ஒரே சேலை.

இரண்டு ஊருக்கும் நடுவில் இருந்த காட்டில்தான் இப்போது பஸ் நின்றது. தாரணிகள் இருவரும் ஆளுக்கொரு பக்கத்திலிருந்து ஓடி வந்தார்கள், ஒரே டிபன் பாக்ஸை இரண்டு பேரும் ஆளுக்கொரு கை பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாக நீட்டினார்கள். மூடி இன்னும் சூடாக இருந்தது. ஒருத்திக்கு ரிப்பன் ஒழுங்காகக் கட்டியிருந்தது, ஒருத்திக்கு இல்லை. எந்தத் தாரணியின் ரிப்பனை அன்றைக்குத் தொட்டோம் என்று சாந்தாமணிக்குத் தெரியவில்லை. கேட்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

"எங்கீங்க போகோணும்?" என்றார் கண்டக்டர்.

"இது எங்க வரைக்கும் போகுதுங்க?"

"பழனிங்க."

"அங்கயே குடுங்க."

அந்தி இறங்கியது. ஜன்னலோரம் வைத்திருந்த அவள் கையில், மஞ்சள் கயிறு கிடந்த இடத்தில் வெளுத்த தடத்தின்மேல், ஒரு கொசு வந்து உட்கார்ந்தது. எழுந்து, மறுபடி உட்கார்ந்தது. சுருக்கென்றது.

அடிக்கத் தூக்கிய கையை அவள் அப்படியே நிறுத்தினாள். அசையாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, அது வயிறு சிவந்து தானாக எழுந்து போகும்வரை குடிக்க விட்டாள்.